டேட்டாபேஸுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

பிப்ரவரி 9, திங்கள்
எங்கள் மிளகாய் வத்தல் கிடங்கில் எந்த அறையில் யாருடைய மூட்டை இருக்கிறது என்பதெல்லாம் டேட்டாபேஸில்தான். அதற்கென்று தனி மெஷின் வைத்து எட்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். இப்போது கூட வேலை பார்க்கும் மதன்குமாருக்குக் குடைச்சல். ஒரே பெரிய சர்வர் வாங்கி, அதற்குள் மென்பொருளாலேயே நாலு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கி, கேமராப் பதிவோடு டேட்டாபேஸையும் அங்கேயே குடிவைக்க வேண்டுமாம். போடா என்றேன்.

முதலாளி உக்கிரபாண்டி ஐயாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினோம். "ஏத்தா, இல்லாத மெஷினுக்குள்ள என் மூட்டை எப்படி இருக்கும்?" என்றார்.

பிப்ரவரி 11
ஒரு வாரம் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்போம் என்று இருவரும் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்! ஐயா கேட்கவில்லை. "பரளச்சிக் கோயில்ல சாமிகிட்டப் பூக்கட்டிப் பாப்போம். செவப்புன்னா மதன் சொன்னது, வெள்ளைன்னா நீ சொன்னது. அப்புறம் மெஷின் படுத்துச்சுன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருங்க."

பிப்ரவரி 13, வெள்ளி
ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ என்று பொட்டலம் கட்ட வேண்டியது நான். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையே வைத்தேன். சாமி மன்னிக்கட்டும், அவருக்கு டேட்டாபேஸ் தெரியாது. கூடையை மதன் பைக்கில் கொண்டுவந்தான். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி!

எனக்கு ஆடிப்போச்சு. எப்படிச் சிவப்பானது என்று கேட்டால் நானே மாட்டுவேன். திரும்பும்போது டீக்கடையில் மதன் சொன்னான்: "அக்கா, வழியில ரெண்டையும் செவப்பா மாத்திட்டேன். ஆமா, நீங்க கட்டுனது ரெண்டுமே வெள்ளையா இருந்துச்சே?"

களவாணிப் பயல். நானும்தான்.

மார்ச் 2
புது சர்வருக்கு மாற்றினோம். நன்றாக ஓடுகிறது. எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 10
வத்தல் வரத்து உச்சம். வாசலில் இருபது வண்டி. கேமராப் பதிவு டிஸ்க் முழுவதையும் இழுத்துக்கொள்ள, டேட்டாபேஸ் திணறிப் படுத்தது. யார் மூட்டை எங்கே என்று சொல்ல நாதியில்லை. வத்தல் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகள் கத்துகிறார்கள்.

"இப்படி வைக்கச் சொன்னது யாரு?" என்றார் ஐயா.

மதன் பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் என்னையே பார்த்தான். வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கிறான். ச்சே, என்ன பொழப்பு இது.

"சாமி சொன்னதுய்யா" என்றேன்.

ஐயா துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாமி சரியாத்தான் சொல்லியிருக்கும். நாமதான் தப்பாக் கேட்டுட்டோம்."

மார்ச் 12
டேட்டாபேஸ் மறுபடி தனி மெஷினில். மதன்தான் வயர் மாட்டினான். எங்களை யாரும் போகச் சொல்லவில்லை.

தப்பாகக் கேட்ட குற்றத்துக்கு ஐயா நாளை பரளச்சியில் மொட்டை போடுகிறார். நாங்களும் கூட வர வேண்டுமாம். அந்தத் தலையை எந்த முகத்தோடு பார்ப்பேன்?