வேண்டுதல் தீர்ந்த இடுப்பு

அம்மா,

காலையில் அலமாரியைத் துடைக்கும்போது உன் மஞ்சள் டப்பா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துதான் எடுத்தேன். மூடி திறந்து, வீடெல்லாம் அந்த வாசனை. நீ போய் ஒரு வருஷமாகிறது. எனக்குத் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிப் படிகள்தான் நினைவுக்கு வந்தன.

என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். நகரியில் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது. இடுப்பின் பின்னால், வலப்பக்கம், ஒரே இடம். அங்கிருந்து தொடை வரை பிடித்து இழுக்கும். டாக்டரிடம் போகலாம் என்று உன்னிடம் கெஞ்சினேன். நீயோ என் சார்பில் மலையப்பனிடம் வேண்டிக்கொண்டாய். நோவு போனால் அலிபிரியிலிருந்து மேலே வரை ஒவ்வொரு படிக்கும் நான் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டுமாம்.

நோவு போகும்வரை பொறுத்தாயா? "முன்னாடியே செஞ்சிட்டா சாமி தட்ட முடியாதுமே" என்று அழைத்துப் போய்விட்டாய். இடுப்பு வலிக்கு மூவாயிரம் தடவை குனிவதை மருந்தாகச் சொன்ன ஒரே ஆள் நீதான்.

இருநூறு படிகூடத் தாண்டவில்லை. "எம்மா, என்னால ஆவலமா" என்று உட்கார்ந்துவிட்டேன். நீ கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாய். "நீ சொம்மா ஏறு. உன் பேர சொல்லி நான் வெக்கிறேன்."

வைத்தாய், எல்லாப் படிக்கும். பின்னால் ஏறிவந்த நான்தான் பார்த்தேன். நிமிரும்போதெல்லாம் உன் கை இடுப்பின் பின்னால், வலப்பக்கம் போனது. என் இடம்.

"ஒனக்கும் வலிக்கிதாம்மா?"

"எனக்கு இன்னா? வாய மூடிகினு வா."

மேலே போய்க் கையைக் கழுவியதும் சொன்னாய்: "வேண்டுதல் தீந்துபோச்சி. இனிமே நோவுதுன்னு வாயால சொல்லாத. சாமி குத்தமாயிடும்."

சொல்லவில்லை, ஆறு வருஷம். சொன்னால் நீ குனிந்த குனிவெல்லாம் வீண் என்றாகிவிடும். "என் பொண்ணு நோவு படியிலயே போயிட்சி" என்று தெருவெல்லாம் பெருமையடித்தாய். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாமி மேல் எனக்குக் கோபமில்லை. உன் மேல்தான். இன்னும் தீரவில்லை.

போன வாரம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. எத்தனை நாளாக வலி என்று தெலுங்கில் கேட்டாள். ஆறு வருஷம் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பிரசவத்தில் இடுப்பு மூட்டு தளர்ந்திருக்கிறது, அப்போதே பயிற்சி செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றாள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டாள்.

"எங்க அம்மாவுக்கு" என்றேன். எழுதிக்கொண்டாள். நீ கடைசிவரை மூடிவைத்ததை நான் சொல்லிவிட்டேன், அம்மா. குற்றமானால் என்னைச் சேரட்டும்.

இப்போது தினமும் பாயில் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து உன் பேத்தி எண்ணுகிறாள். "வலிச்சா சொல்லும்மா" என்கிறாள்.

சொல்கிறேன். சுவரில் இருக்கும் உன் படத்துக்கும் கேட்கும்படி.