கடற்கரையிலை தண்ணி விடாய்

11.9.83 ஞாயிறு

வெயில். காலமை இறைப்பு. மேற்குத் துண்டு வாழைக்குத் தண்ணி மாறி முடிய மிசினுக்கு மண்ணெண்ணெயும் முடிஞ்சுது. கிழக்குத் துண்டு நாளைக்கு. கதலி ரண்டு குலை முத்திட்டுது, புதனுக்கிடையிலை வெட்ட வேணும். சைக்கிள் பின் ரயரிலை காத்து நிக்குதில்லை. வால்வு ரியூப் வாங்க.

நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்கினாப் பிறகு வீட்டிலை இண்டைக்குத்தான் முதல் மீன். மனிசி பரமேசு சூடை பொரிச்சவள். இவள் கைப் பொரியலுக்கு நான் அடிமை, அது அவளுக்கும் தெரியும். சுபா மட்டும் தொடேல்லை.

தங்கச்சி ராணியின்ரை மகள், எட்டு வயது. கொழும்பிலை வாய் மூடாத பெட்டையாம். ஆடிக் கலவரத்திலை வீடு எரிஞ்சு, முகாமிலை படுத்து, தாயோடை காங்கேசன்துறைக்குக் கப்பலிலை வந்து இறங்கின நாளிலையிருந்து அவள் கதைக்கிறது மூண்டு சொல்லு. ஓம். இல்லை. வேண்டாம். தகப்பன் வேலையை விடேலாதெண்டு அங்கை நிண்டிட்டார். கடிதம் மட்டும் வருது.

ஞாயிற்றுக்கிழமையிலை மாத்திரம் ஒரு முழு வசனம் வரும்: "மாமா, இண்டைக்குக் கடலுக்குப் போவமோ?"

இதுவரைக்கும் நான் சொன்ன சாட்டுகள்:
திருவிழா நேரம்.
வெயில், கறுத்துப் போவாய்.
உப்புக் காத்து சைக்கிளுக்குக் கூடாது.
இண்டைக்கு: மாமாவுக்கு இறைப்பு.

இறைப்பு காலமையே முடிஞ்சுது. அவளும் வரம்பிலை நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டவள்.

13.9.83 செவ்வாய்

காத்தே இல்லை. வாழையிலை ஆடேல்லை. கிழக்குத் துண்டு முடிஞ்சுது. வால்வு ரியூப் வாங்கேல்லை, மறந்துபோனன்.

மயிலிட்டித் திரேசம்மா மீன் கடகத்தோடை வந்தவ. வேலிப் படலைக்கு வெளியிலை குந்தியிருந்து பரமேசோடை விலை இழுபட, சுபா மெல்லப் போய்ப் பக்கத்திலை குந்தினாள்.

"அன்ரி, உங்கடை வீட்டிலை நிண்டால் கடல் தெரியுமோ?"

ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, முழு வசனம். நான் வாழைக்குள்ளை மண்வெட்டியோடை அப்பிடியே நிண்டிட்டன்.

"தெரியுமோவோ? மாரிக்கு அடுப்படிக்கை வந்து தேத்தண்ணி கேக்கும் மோனை."

பிள்ளை சிரிச்சாள். பல்லைக் கண்டன்.

பிறகு வழமை போலை திரேசம்மா தண்ணி கேட்டா. பரமேசு செம்பிலை கொண்டுபோய், வேலிக் கதியாலிலை கொழுவிக் கிடக்கிற அலுமினியப் பேணியிலை வாத்தாள். மீன் கொண்டு வாறவை, விறகு கொத்த வாறவை, இப்பிடி ஆக்களுக்கெண்டு கிடக்கிற பேணி. அப்பு காலத்திலையிருந்து அதிலைதான் கிடக்கு. நாங்கள் ஒருத்தரும் அதிலை வாய் வைச்சதில்லை. அவ குடிச்சு, அலசி, கவிட்டுக் கொழுவிப்போட்டுப் போயிட்டா.

சுபா: "மாமி, ஏன் அன்ரிக்கு உள்ளை இருக்கிற கிளாசிலை குடுக்கேல்லை?"

பரமேசு: "அவவை அன்ரி எண்டு கூப்பிடாதை."

கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்ப எழுதேக்கை அவ்வளவு சிரிப்பு வரேல்லை.

16.9.83 வெள்ளி

மரக்கறி. கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருந்தது. குலை ரண்டும் சந்தைக்குப் போயிட்டுது.

பக்கத்துத் தோட்டத்துக் கந்தையா அண்ணையிட்டைக் கேட்டன், கடல் பாக்க எப்பவாவது போனவரோ எண்டு. என்னை மேலும் கீழும் பாத்தார். "பகல் முழுக்க வெயிலிலை வேகிற எங்களுக்குக் காத்து வாங்கக் கடலோ? விசரே உனக்கு? அங்கை என்ன கிடக்கு? தண்ணி. அதுவும் குடிக்கேலாத தண்ணி."

நியாயந்தான். நானும் இந்த வயசுக்குக் கடலைக் கண்டது செத்த ஆக்களுக்காகத்தான். அப்புவின்ரை அந்தியேட்டிக்குக் கீரிமலை. அம்மாவின்ரைக்கும் அங்கைதான். பிறகு ஆடி அமாவாசைக்கு முழுகப் போறது, முழுகின ஈரத்தோடை திரும்பி வாறது. சும்மா போய் நிண்டதெண்டு ஒரு நாளும் இல்லை. சுத்திவரக் கடல் கிடக்கு, நாங்கள் அதுக்கு முதுகு காட்டிக்கொண்டு கிணத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறம்.

ராணி பின்னேரம் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டு சொன்னாள், "அண்ணை, ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வாங்கோவன். அவள் வேறை ஒண்டும் கேக்கேல்லைத்தானே." சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டாள். அழுதவளோ தெரியேல்லை.

சரி, ஞாயிறு போறது. வால்வு ரியூப் வாங்கியாச்சு.

18.9.83 ஞாயிறு

கடலுக்குப் போய் வந்தாச்சு. மயிலிட்டி. நல்ல காத்து, அலை இல்லை. பிள்ளைக்குச் சந்தோசம். எனக்கு முழங்கால் நோ. சைக்கிள் துடைச்சு எண்ணெய் விட்டன். வேறை விசேசம் இல்லை.

19.9.83 திங்கள்

மந்தாரம், மழை இல்லை. இண்டைக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. தண்ணி மாற நிண்டு, ஒரு பாத்தி நிரம்பி வழிஞ்சு ஒழுங்கைக்குப் போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன்.

நேற்று எழுதினது சரியில்லை. என்ரை டயறிக்கே சாட்டுச் சொல்லியிருக்கிறன்.

நடந்தது இது. பிள்ளையைச் சைக்கிள் பாரிலை ஏத்திக்கொண்டு பின்னேரம் வெளிக்கிட்டம். கரையிலை வள்ளங்கள் ஏத்திக் கிடக்கு, வலை காயுது, நாலைஞ்சு பேர் நிழலிலை காட்ஸ் விளையாடுகினம். என்ரை வேட்டியைப் பாத்திட்டு ஒருத்தன் எழும்பினான்.

"ஆரைத் தேடி வந்தனீங்கள்?"

"ஒருத்தரையுமில்லை. சும்மா, கடல் பாக்க."

"கடல் பாக்கவோ?" எண்டான். மற்றவங்களைப் பாத்தான். அவங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காட்ஸைப் பாத்தாங்கள். எனக்கும் வெக்கமாப் போச்சு.

சுபா செருப்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடினாள். முழங்காலளவு தண்ணியிலை நிண்டு, கையைத் தூக்கி ஆட்டத் தொடங்கினாள். நான் பாத்தன், ஒரு வள்ளமும் இல்லை, ஒரு ஆளும் இல்லை.

"ஆருக்கு மோனை கை காட்டுறாய்?"

"அப்பாவுக்கு."

கப்பலுக்கு வரிசையிலை நிக்கேக்கை தகப்பன் காதுக்குள்ளை சொன்னவராம். ஒவ்வொரு ஞாயிறும் பொழுது படேக்கை நான் வெள்ளவத்தைக் கடற்கரையிலை நிண்டு கை காட்டுவன், நீயும் அங்கை நிண்டு காட்டு, ரண்டும் ஒரே தண்ணிதான் எண்டு. தாய்க்கும் சொல்லேல்லை. சொன்னால் அம்மா அழுவாவாம்.

அந்த மனிசன் எத்தினை ஞாயிறு அங்கை தனிய நிண்டு கை காட்டியிருப்பார். நான் இஞ்சை திருவிழா எண்டன், வெயில் எண்டன், முடிஞ்ச இறைப்பை முடியேல்லை எண்டன்.

பிறகு பிள்ளையின்ரை வாய் மூடேல்லை. இஞ்சை சூரியன் ஏன் கடலுக்கை விழாமல் பனைக்குப் பின்னாலை போகுது? நண்டுக்கு விடாய்க்காதோ? அப்பாவின்ரை சேட்டு என்ன நிறமெண்டு சொல்லுங்கோ பாப்பம்? பிள்ளையில்லாத வீட்டுக்காரன் நான், இப்பிடிக் கேள்வி கேட்டு ஆரும் என்னைக் களைக்கப் பண்ணினதில்லை. நல்லாயிருந்தது.

"மாமா, தண்ணி விடாய்க்குது."

ஒரு போத்தல் தண்ணி கொண்டு போகேல்லை. மடையன். வாழைக்குத் தண்ணி விடுறதிலை நாள் முழுக்க நிக்கிறவன், ஒரு பிள்ளையை வெயிலுக்கை கூட்டிக்கொண்டு போறன், தண்ணி நினைப்பு இல்லை.

அப்பதான் திரேசம்மா கண்டிட்டா. அவவின்ரை வீடு அதிலைதான். "ஐயோ, ஆர் வந்திருக்கினம் பாருங்கோ" எண்டு கொண்டு உள்ளுக்கு ஓடினா. திரும்பி வரேக்கை ஒரு தட்டு, அதிலை பூப்போட்ட கிளாசிலை தண்ணி, பக்கத்திலை ஒரு துண்டு பனங்கட்டி. கிளாஸ் புதுசு. பெட்டியிலையிருந்து அப்பதான் எடுத்துக் கழுவினது, அடியிலை ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"குடி மோனை."

பிள்ளை கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடிச்சன்.

"வேண்டாம் திரேசம்மா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள்."

வாய் தன்பாட்டிலை சொன்னது. கையும் தன்பாட்டிலை பிடிச்சுது. எங்கடை ஊர் நீர்வேலியாள் ஒருத்தன் அங்கை இல்லை. ஆரும் பாக்கேல்லை, ஆரும் கேக்கப் போறதில்லை. அதுதான் என்னைத் தின்னுது. ஆருக்குப் பயந்தனான்?

வாசிகசாலைக் கூட்டத்திலை உந்தப் பேணி வைக்கிற வழக்கமெல்லாம் ஒழிய வேணுமெண்டு எழும்பி நிண்டு கதைச்சவன் நான். கைதட்டினவங்கள்.

சுபா என்னை நிமிர்ந்து பாத்தாள். திரேசம்மாவுக்கு விளங்கிட்டுது. எனக்காகத் தானே சாட்டுத் தேடித் தந்தா: "ஓம் ஐயா, எங்கடை கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர்தான். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது." தண்ணியைப் பூவரசின்ரை அடியிலை ஊத்தினா. பனங்கட்டியைக் கடதாசியிலை சுத்திப் பிள்ளையின்ரை கையிலை வைச்சா. அதை நான் தடுக்கேல்லை. காஞ்ச சாமான், பறவாயில்லை எண்டு மனம் கணக்குப் பாத்தது. சீ.

திரும்பி வரேக்கை அச்சுவேலியிலை இறங்கிச் சோடா வாங்கினன். நீட்டினன்.

"வேண்டாம் மாமா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள்."

கோவமில்லை. பள்ளிக்கூடத்திலை பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். சொண்டு காஞ்சு வெடிச்சுக் கிடந்தது. வீட்டை வந்து பரமேசு கேட்டதுக்கும் அதே வசனம். பிறகு கதையில்லை.

20.9.83 செவ்வாய்

வெயில். திரேசம்மா வந்தவ. விளைமீன். நல்ல பச்சை மீன்.

நான் வேலை செய்யிற சாட்டிலை வாழைக்குள்ளை ஒளிச்சு நிண்டன். பரமேசு தானாக் கேட்டாள், "தண்ணி வேண்டாமோ?"

"வேண்டாம் பிள்ளை, வழியிலை குடிச்சனான்."

பேணி கதியாலிலை அப்பிடியே கிடந்தது. எனக்கு நிக்கேலாமல் ஒரு சீப்புக் கதலி கொண்டுபோய்க் குடுத்தன். நன்றி சொல்லிக் கடகத்துக்கை வைச்சா. "பிள்ளை சுகமோ?" எண்டு கேட்டா. "சுகம்" எண்டன். என்ரை மனம் ஆறக் குடுத்த பழம். ஆறேல்லை.

சுபா படலைக்கு வரேல்லை. அறைக்குள்ளை இருந்தவள். பனங்கட்டியையும் தின்னேல்லை, கடதாசியோடை வைச்சிருக்கிறாள், எறும்பு மொய்ச்சுக் கிடக்கு.

24.9.83 சனி

புரட்டாதிச் சனி. கோயிலிலை எள்ளெண்ணெய் எரிச்சன். கும்பிட்டன், ஆனால் என்னத்தைக் கேக்கிறதெண்டு வரேல்லை.

வரேக்கை யோசிச்சன். அந்தத் தண்ணியைக் குடிச்சிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒண்டும் நடந்திராது. இவ்வளவு காலமும் ஒண்டுமில்லாததுக்கே பேணி கொழுவினனாங்கள் எண்டு தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தான் பயந்திருக்கிறன் போலை.

நாங்கள் ஏன் கடலுக்குப் போறேல்லை எண்டும் இப்ப விளங்குது. வெயிலுமில்லை, உப்புக் காத்துமில்லை. போனால் தண்ணி விடாய்க்கும். அங்கை இருக்கிற கிணறு அவையின்ரை.

பரமேசுக்கு இன்னும் சொல்லேல்லை.

25.9.83 ஞாயிறு

காலமை கொஞ்சம் தூறல், பிறகு வெயில். இறைப்பை விட்டிட்டன்.

மத்தியானச் சாப்பாடு முடிய நானாக் கேட்டன். "சுபா, கடலுக்குப் போவமோ?" ஒரு போத்தல் நிறையத் தண்ணி பிடிச்சு, சைக்கிளிலை கொழுவி, ஆயத்தமா வைச்சிருந்தன்.

போத்தலைப் பாத்தாள்.

"வேண்டாம் மாமா. வெயில்."

"அப்பா நிப்பாரெல்லோ?"

"போத்தல் கொண்டுபோனால் அன்ரி காணுவா, மாமா."

போத்தலைக் கழட்டி விறாந்தையிலை வைச்சன். அப்பவும் அவள் வரேல்லை. "நீங்கள் போய்க் கை காட்டுங்கோ" எண்டாள்.

தனியப் போனன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தண்ணிக்கை இறங்கி நிண்டு, பொழுது படுமட்டும் கை காட்டினன். காட்ஸ் விளையாடினவங்கள் இந்த முறை சிரிக்கேல்லை, விசரன் எண்டு தீர்மானிச்சிட்டாங்கள் ஆக்கும். மச்சான், உங்கடை பிள்ளை வரேல்லை, நான்தான் வரவிடாமல் பண்ணினனான் எண்டு மனதுக்குள்ளை சொன்னன்.

பிறகு திரேசம்மாவின்ரை வேலிக்குப் போனன். வலை பொத்திக்கொண்டிருந்தா.

"திரேசம்மா, விடாய்க்குது. கொஞ்சம் தண்ணி தாங்கோ."

இத்தினை வருசத்திலை அவவிட்டை மரியாதையா 'தாங்கோ' எண்டு சொன்னது இதுதான் முதல். எழும்பினா. கோவமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உவர் ஐயா. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. சந்தியிலை தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும்."

உள்ளுக்குப் போயிட்டா.

கடையிலை நிக்கேல்லை. அச்சுவேலியிலையும் நிக்கேல்லை. நாக்கு அண்ணாக்கிலை ஒட்ட ஒட்ட உழக்கினன்.

சுபா படலையிலை நிண்டாள்.

"கை காட்டினீங்களோ?"

"ஓம்."

"அப்பா?"

"நிண்டிருப்பார்."

என்ரை முகத்தைப் பாத்தாள். "விடாய்க்குதோ மாமா?"

"ஓம் மோனை."

எட்டி, கைக்குக் கிட்டக் கிடந்ததை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்கு ஓடினாள். தழும்பத் தழும்பக் கொண்டு வந்தாள். அலுமினியப் பேணி. விறாந்தையிலை நிண்ட பரமேசு, "எடி பிள்ளை, உது..." எண்டு தொடங்கி, என்னைப் பாத்திட்டு நிப்பாட்டினாள்.

வாய் வைச்சுக் குடிச்சன். ஒரு சொட்டு விடாமல்.

பிறகு அலசி, கவிட்டு, திரும்பக் கதியாலிலை கொழுவினதும் நான்தான்.