இலவச நிகழ்ச்சிக்கு வந்த தொப்பிக்காரர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் பெண் சுண்டெலி மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனால் போனில் "நல்லா இருக்கேம்பா" என்று நீ ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற வேகத்தைக் கேட்டால் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வருவதில்லை. ஆஸ்பத்திரியில் உன் டியூட்டிக்கு மாற்று நர்ஸ் போட்டார்களா இல்லையா, அதை மட்டுமாவது உண்மையாகச் சொல். போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் பெண் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதோடு நான் சொல்லப்போகிற விஷயத்தில் நீ பாதியிலேயே போனை வைத்துவிடுவாய் என்கிற பயமும் உண்டு. கடிதம் என்றால் கசக்கி எறிந்தாலும் திரும்ப எடுத்துப் பிரித்துப் படிக்கலாம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம் வட்டார அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் போட்டார்கள். கோடை முழுக்கக் குடும்பத்தோடு வந்து கலந்துகொள்ளலாம், பூங்காவில் பொம்மலாட்டம், நூலகத்தில் கதை சொல்வது, சமூகக் கூடத்தில் காகிதத் தொப்பி செய்வது, பிள்ளைகளுக்கு நீச்சல், கடைசி வாரம் ஏரியில் படகு, எல்லாமே இலவசம் என்று போட்டிருந்தது. எனக்கு அந்தக் கடைசி வார்த்தையில்தான் சந்தேகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து க்ளெய்ம்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான், அழுதுகொண்டு வருகிறவனின் காரை முதலில் பார்த்துவிட்டுத்தான் கண்ணீரைப் பார்ப்பேன். நோட்டீஸின் பின்பக்கம் பொடி எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அச்சகத்தின் பேர்தான் இருந்தது. பொம்மலாட்டத்துக்குப் போனபோது வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே போன் நம்பர் கேட்டாள், நான் நம் பழைய வீட்டு நம்பரைக் கொடுத்தேன். ஜூஸ் கொடுத்தார்கள், நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் குழந்தையிடம் கொடுத்தேன். "உங்களுக்கு விஷம் வெக்க அவங்களுக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்று உன் அம்மா எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினாள்.

ஒன்று சொல்ல வேண்டும், நீ வேலைக்கு வெளியூர் கிளம்பிப் போனதிலிருந்து வாயைத் திறக்காமல் மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த பெண், பொம்மலாட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சந்தேகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் அழைத்துப் போனேன்.

அங்கேதான் அந்த ஆளைப் பார்த்தேன். என் வயசு இருக்கும், ஒல்லி, காதுவரை இழுத்துவிட்ட துணித் தொப்பி, தேய்த்துப் போட்ட முழுக்கைச் சட்டை. பொம்மலாட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தார். நூலகத்தில் கதை கேட்கப் போனால் அங்கேயும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார். குழந்தை எதுவும் கூட இல்லை. பிள்ளைகளுக்கான இடத்தில் தனியாக ஒரு ஆண்பிள்ளை எதற்கு வர வேண்டும்? ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் நிகழ்ச்சி நடக்கும், நாங்கள் எங்கே போகிறோமோ சரியாக அங்கே வந்து நிற்பார். காகிதத் தொப்பி செய்கிற அன்று நம் சுண்டெலி கத்திரிக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அந்த ஆள் அடுத்த மேசையிலிருந்து வேறொரு கத்திரியை எடுத்து வந்து சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன், இடதுகைக்காரர்களுக்கானது. இவள் இடதுகை என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். நான் கொட்டாவி விட்டாலே டாக்டரைக் கூப்பிடுகிறவள், இதைக் கேட்டுவிட்டு, "யாரோ பாவம், பொழுது போகாம வர்றாரு" என்று பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். பாத்திரம் ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது. அதையும் நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது நீச்சல். குளத்தின் ஓரத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தொப்பி தெரிந்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். கழுத்தில் விசில் மாட்டிய காவல்காரப் பெண்ணிடம் போய், அந்த ஆளோடு குழந்தை யாரும் இல்லை, விசாரியுங்கள் என்றேன். அவள் நேரே போனாள், நானும் பின்னாலேயே போனேன். "ஐயா, உங்க கூட வந்த பிள்ளை எது?" என்று கேட்டாள். அவர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். மகளே, இரண்டு காதும் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. எந்தக் காதைப் பார்த்து நீ உன் பெண்ணுக்குச் சுண்டெலி என்று பேர் வைத்தாயோ அதே காது, அச்சு அசல்.

அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரில் காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் பார்த்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் இல்லீங்க. சும்மாதான் வந்தேன். போயிடறேன்" என்றார். காவல்காரப் பெண் அவரை அலுவலக அறைக்கு வரச் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் நடந்தார். அதற்குள் உன் அம்மா துண்டுப் பையோடு, வழுக்குகிற தரையில் ஓடாதே என்று எழுதியிருந்த இடத்தில் ஓடி வந்து, "அவரை விடுங்கம்மா, எங்க சம்பந்திதான். நான்தான் வரச் சொன்னேன்" என்றாள்.

ஆமாம். நீ நினைப்பது சரிதான். அவனுடைய அப்பா. ரிஜிஸ்டர் ஆபீஸில் உன் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஈ காக்கை வரவில்லை, ஆகவே எனக்கு முகம் தெரியாது. அவன் உன்னையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனபோது, அந்த வீட்டு நிழல்கூட இவள்மேல் படக்கூடாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் அம்மாவும் மறக்கவில்லை, ஆனால் லீவுக்கு முன்னால் நான் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு காலையில் இவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே கூட வரவில்லையாம். "பேசக்கூட வேண்டாம்மா, யாருன்னு காட்டிக்கவே மாட்டேன், தூர நின்னு பாத்தா போதும்" என்றாராம். நோட்டீஸில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருக்கிறதே, யார் தடுக்க முடியும் என்று உன் அம்மா அவளாக ஒரு நியாயம் கண்டுபிடித்து, நாங்கள் போகிற இடத்தைத் தினமும் போனில் சொல்லியிருக்கிறாள். ஊரெல்லாம் உளவு பார்த்த நான் என் சமையலறையைக் கோட்டைவிட்டேன்.

குளத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை தண்ணீரில் இருந்தாள், எதுவும் தெரியாது. நான் சும்மா விடவில்லை, உங்கள் பையனுக்கு எந்தக் கை பழக்கம் என்று எடுத்ததும் கேட்டேன். "இடதுகைங்க. அடிச்சு மாத்தப் பாத்தேன், மாறல. அடிச்சதுதான் மிச்சம். குழந்தையும் இடதுன்னு அன்னிக்குத் தொப்பி செய்யறப்பதான் பாத்தேன்" என்றார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவராம், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், இரண்டு பஸ் மாறி வருகிறார். மகன் அவரிடமும் பேசுவதில்லை, எங்கே இருக்கிறான் என்றே தெரியாதாம். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை, என் பெண் உங்களுக்கு அவ்வளவு மட்டமாகப் போய்விட்டாளா என்று கேட்டேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க பொண்ணைக் குறை சொல்ல நான் யாருங்க. என் பையனைப் பத்தி எனக்குத் தெரியும். எந்த வேலையிலயும் தங்கமாட்டான், எந்த மனுஷங்க கிட்டயும் தங்கமாட்டான். நம்பிக் குடுக்காதீங்கன்னு உங்க வீட்டுக்கு வந்து சொல்லணும்னு கிளம்பினேன். உங்க தெருமுனை வரைக்கும் வந்தேங்க. பெத்த புள்ளைக்கு எதிரா எப்படிப் பேசறதுன்னு திரும்பிட்டேன். சொல்லாம இருந்துட்டு, அங்க வந்து நின்னு நல்லா இருங்கன்னு வாழ்த்த வாய் வரல."

நீ இத்தனை வருஷமாக உன்னைப் பிடிக்காமல் அவர் வரவில்லை என்று நினைத்து வைத்திருந்தாய், நானும் அப்படித்தான். இப்போதும் முழுக்க நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அழகாகக் கதை சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பணம் கேட்கப் போகிறாரா, பையன் அனுப்பினானா என்றெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஆனால் காவல்காரப் பெண் அத்தனை பேர் முன்னால் கேட்டபோது "என் பேத்தி" என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக அவமானப்பட்டுக்கொண்டு நடந்தார். பொய் சொல்கிறவன் முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்வான், இது என் சர்வீஸில் கண்டது. உன்னைக் கேட்காமல் இனி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரிங்க, அவங்க அம்மா சொல்லட்டும்" என்று எழுந்து போனார். அன்றிலிருந்து எங்கேயும் காணோம். நான்தான் போகிற இடத்திலெல்லாம் தொப்பி தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நூலகத்தில் உன் பெண் கேட்டாள், "தாத்தா, கடைசி வரிசைத் தாத்தாவை ஏன் காணோம்?" என்று. நாம் யாரும் சொல்லாமலே அவள் கவனித்து வைத்திருக்கிறாள். பஸ் கிடைத்திருக்காது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை மட்டும் நம் வீட்டுப் பார்வை, அவள் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

அடுத்த வாரம் படகு. ஒரு படகுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும் என்பது விதி, உன் அம்மா ஏரிக்கரையில் கூட நிற்கமாட்டாள். நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. குழந்தை உன்னுடையது, பட்ட காயமும் உன்னுடையது, ஆகவே முடிவும் உன்னுடையதுதான், என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்பதற்காக எதையும் சொல்லாதே. வேண்டாம் என்றால் அவர் வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், போனில் சொல்லித் துண்டித்துவிட மனசு வரவில்லை. சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது குழந்தை பக்கத்தில் இருப்பாள், நீ எதையும் விளக்க வேண்டாம், "போயிட்டு வாங்கப்பா" என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது துணையோடு வா. அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியில்லை என்றாயே, வீட்டுக்காரர் நாளை நாளை என்று சொல்வதை நம்பாதே, நீயே ஆளை வைத்து மாற்று. நல்ல தூக்கமும் நிம்மதியும் உனக்குக் கிடைக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா