மாற்றிக் கட்டிய கம்பிச்சுருள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். டெலிபோன் கேபிள் குழிக்குள் இறங்கி ஏறினால் என் முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது, அதை விடு.

அப்பா போனில் ம் என்பதற்கு மேல் பேசுவதில்லை, நான் இவ்வளவு தூரத்து வேலைக்கு வந்த கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை, இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அவரிடம் சண்டைக்கே போனேன். அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கோபமெல்லாம் அவ கெளம்பிப் போன அந்த மாசமே தீந்து போச்சு, அவ பேசுறது கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு, கேக்கலைன்னு சொன்னா அப்பாவுக்குக் காது போச்சுன்னு கவலைப்படுவா, அதான் ம் கொட்டினேன் என்கிறார். டாக்டரிடம் இழுத்துப்போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் எனக்கு லைன் மேல் சந்தேகம் வந்தது. மழையில் நனைந்து கெட்டுப்போன நம் வீட்டு போன் லைன் காயிலை, அதாவது கம்பிச்சுருளை, மாற்றியது நான்தான். தூரம் போகப் போகப் பேச்சு தேயும் என்பதால் வழியில் அங்கங்கே இந்தக் கம்பிச்சுருளை வைப்போம். ஒரு லைனுக்கு இரண்டு கம்பி, கம்பிக்கு ஒரு சுற்றாக அதில் இரண்டு சுற்று, இரண்டும் ஒரே திசையில் சேர வேண்டும். ஒன்றின் முனையை மாற்றிக் கட்டினால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும், மணி அடிக்கும், பேச்சு மட்டும் சரியாகக் கேட்காது. நான் மணியை மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறுநாள் திறந்து பார்த்தால் அதேதான். ஏழு மாதமாக இப்படியே இருந்திருக்கிறது பாப்பா, நீ கூப்பிடும் நேரமெல்லாம் எனக்கு டூட்டி என்பதால் எனக்குத் தெரியவே இல்லை.

மேற்பார்வையாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்தவங்க வீடா இருந்தா அன்னிக்கே புகார் வந்திருக்கும், உங்க வீட்டுக்காரர் பொறுமைசாலிம்மா என்று சிரித்துவிட்டு, தவறு என் மேல் என்று எழுதி வாங்கவும் மறக்கவில்லை. சரிசெய்து ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன், ஏன் கத்துறே, மெதுவாப் பேசு என்றார் அப்பா. எனக்கு நிம்மதியில் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே படுத்துவிடலாம் போல இருந்தது. கோபப்படுவதானால் என் மேல் படு, அவர் மேல் வேண்டாம்.

நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு, போர்த்திக்கொண்டு தூங்கு. ஞாயிறு காலை கூப்பிடு, அப்பாதான் எடுப்பார். எடுத்ததும் கொஞ்ச நேரம் அவருக்குப் பேச்சே வராது. அது லைன் கோளாறு இல்லை, வைத்துவிடாதே.

உன் அம்மா