அறுபது பங்கு முதலாளி

திருச்சுழி,
4.8.2025

பாசமுள்ள மருமகள் நாகஜோதிக்கு, வைரதா மோட்டார்ஸ் கம்பெனியின் முதலாளிகளில் ஒருவனாகிய உன் தாய்மாமன் மொக்கையன் ஆசீர்வதித்து எழுதுவது.

சிரிக்காதே. வருகிற தை மாசம் நடக்கும் உன் கல்யாணச் சீருக்கென்று வளர்த்த பன்னிரண்டு கிடாயையும் விற்று, அருப்புக்கோட்டையில் ஷேர் ஆபீஸ் வைத்திருக்கும் அஃப்ரீத் தம்பி மூலமாக அறுபது பங்கு வாங்கிவிட்டேன். பங்கு இரண்டாயிரம் ரூபாய். ஒரு கார் இரண்டு கோடி. வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு கார்தான் விற்கிறார்கள், ஆனாலும் சந்தையில் கம்பெனியின் மதிப்பு அறுபதாயிரம் கோடி! நம் தாலுகாவை மண்ணும் கருவேலமுமாக விற்றாலும் அதன் ஒரு கதவுக்குக் காணாது.

போன மாசம் மல்லாங்கிணறு கல்யாணத்துக்கு அந்தக் கார் ஒன்று வந்தது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து ஓடினார்கள். மாப்பிள்ளையே தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

உன் அத்தை தங்கத்தாய்தான், "கிடாயாச்சும் கத்தும். இது என்ன செய்யும்?" என்கிறாள்.

நான் வாங்கியது சரிதானே? பதில் எழுது. போனில் என் பெருமைக்கு இடம் பத்தாது.

மொக்கையன்

மும்பை,
12.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாட்டில் ஐயாயிரம் கம்பெனி இருக்க, உங்களுக்கு இதுதானா கிடைத்தது? பங்குகளை ஆராய்ந்து சொல்லும் எங்கள் அலுவலகத்தில் வைரதா பற்றிய அறிக்கையை எழுதப்போவதே நான்தான். அது வெளிவரும்வரை வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ உங்களிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் அறுபது பங்கையும் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

ஊரறிந்ததை மட்டும் சொல்கிறேன். வருஷ லாபத்தைப் போல நூறு மடங்கு விலை வைத்திருக்கிறார்கள். விற்பனை இன்னும் பாய்ச்சலாக ஏறினால்தான் அந்த விலை நிற்கும். எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு மட்டும் சந்தேகம். தப்பாக எழுதினால் வேலை போய்விடும்.

அத்தைக்கு என் அன்பு.

நாகஜோதி

திருச்சுழி,
20.8.2025

மருமகளே,

என் சொத்தைப் பார்வையிட மதுரை ஷோரூமுக்கு எழுந்தருளினேன். சரிகை வேட்டி, அரைப்புட்டி அத்தர். விற்கிற பையன் இளநீரை நீட்டி, "எந்தக் கலர் சார்?" என்றான். "கறுப்பு வேணாம்ப்பா. எங்க ஊரு வெயிலுக்கு உள்ள உக்கார்ந்தவுக வத்தலாயிருவாக" என்றேன்.

ஒன்றுக்குப் போகப் பின்பக்கம் போனேன். தார்ப்பாய் போர்த்தி இருபத்தேழு கார்கள். சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. சந்தைக்குப் போய் விலை போகாமல் திரும்பிய ஆட்டை முப்பது வருஷமாகப் பார்க்கிறவன் நான்.

காவல்காரரிடம் கேட்டேன். "ஏழு மாசமா நிக்கிது அண்ணாச்சி. கம்பெனிக்காரன் டீலரு தலையில கட்டிட்டான். கம்பெனி கணக்குல இதெல்லாம் வித்தாச்சு."

பின்பக்க ரோட்டில் இருந்தே எவருக்கும் தெரிகிறது. இதோடு போட்டோ வைத்திருக்கிறேன், நடுவில் நிற்கும் மாமனை மட்டும் வெட்டிக்கொள். நீயே போய்ப் பார்த்துவிட்டு எழுது.

"இப்பவே வித்துத் தொலைங்க" என்று அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள். விற்க மாட்டேன். இன்று நான் விற்று நாளை நீ எழுதினால், மாமனைத் தப்பவிட்டு எழுதினாள் என்று உன்னைத்தான் பேசுவார்கள்.

மொக்கையன்

மும்பை,
3.10.2025

அன்புள்ள மாமா,

புனே, கொச்சி, ஜெய்ப்பூர் என்று ஐந்து ஊர்களுக்குப் போனேன். எல்லா இடத்திலும் அதே தார்ப்பாய். அறிக்கை போன மாதம் வெளிவந்தது. ஒரு வாரம் என்னைத் திட்டினார்கள். பிறகு, விற்காத கார்களை விற்றதாகக் காட்டியதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பங்கு ஆயிரத்துக்கு வந்துவிட்டது.

"எழுதியவரின் தாய்மாமன் அறுபது பங்கு வைத்திருக்கிறார், விற்கவில்லை" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்த பிறகுதான் நம்பினேன் என்றார் எங்கள் மேலதிகாரி.

உங்கள் பணத்தில் பாதியை நானே அழித்துவிட்டேன். சீர் எதுவும் வேண்டாம் மாமா. வெறுங்கையோடு வாருங்கள்.

நாகஜோதி

திருச்சுழி,
11.10.2025

அடி கோட்டிக்காரி,

முப்பதாயிரம் கோடியை ஒற்றைப் பேனாவால் சாய்த்திருக்கிறாய். இந்தச் சீமையில் எந்த மாமனுக்கு இப்படி ஒரு மருமகள் உண்டு? தட்டில் சேலையும் வெற்றிலைபாக்கும்தான் இருக்கும். ஆனால் மூன்று செட் மேளம் பேசிவிட்டேன், தெரு அதிரும்.

"சீரு எங்கய்யா?" என்று எவனாவது கேட்கட்டும். "மேடையில உக்கார்ந்திருக்காளே, அவ வேலை போகாம நிக்கிறாள்ல, அதான்லே சீரு" என்பேன்.

மொக்கையன்