அப்பா உடைத்த இருபத்தேழு தேங்காய்

09.03.2025 ஞாயிறு

காலையில் இருந்து கரண்ட் இல்லை. மனைவி யோகம்மா அதற்கும் என்னைத்தான் முறைக்கிறாள். கிராம சேவகர் வேலையில் இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் ஊர் என்னை விதானையார் என்றுதான் கூப்பிடுகிறது. கரண்டுக்கு அது தெரியவில்லை.

பதினொரு மணிபோல இளைஞர் கழகத்து விஜிதரன் வந்தான். இந்த வருசப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடி வைக்கப்போகிறார்களாம். வெல்பவருக்குக் கேடயம். அதன் பெயர்: “மேசன் நாகரெத்தினம் நினைவுக் கேடயம்.” கொத்து வேலை செய்த என் அப்பா! கண் கலங்கிவிட்டது. அவனுக்கு இரண்டாம் முறையும் தேநீர் கொடுக்கச் சொன்னேன்.

பிறகு கதையைச் சொன்னேன். அவன் கேட்கவில்லைதான், ஆனாலும் சொன்னேன். 1971 வருசப்பிறப்பு. எனக்கு ஏழு வயது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து பாக்கியராசா ஒரு சாக்குக் காயோடு வந்து இறங்குகிறார். அவருடைய வளவு மரத்துக் காய் போல ஓடு தடித்த காய் எங்கும் கிடையாது. ஒருவர் காயை இறுகிய மண்ணில் வைக்க வேண்டும், மற்றவர் தன் காயால் ஓங்கி அடிக்க வேண்டும். எவர் காய் உடைந்ததோ அவர் தோற்றார். அப்பா ஒரே காயால் அவருடைய இருபத்தேழையும் உடைத்தார். பாக்கியராசா சபையில் நின்று அழுதார்.

அந்தக் காய் இன்னும் எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போனது, காய் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கை இரண்டு நாள் வலித்தது. அந்தக் காலத்துக் காய் அல்லவா, அப்படிக் கனக்கும்.

விழாவில் காட்சிக்கு வைக்கக் கேட்டான். தருகிறேன் என்றேன்.

11.03.2025

மருமகன் கேதீசன் பாக்கியராசாவின் பேரன், மகள் வழி. ஆறு வருடத்துக்கு முன் துசாந்தினியைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் வழமைப்படி, நான் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த இந்த வீட்டுக்கு வந்தார். நானும் யோகம்மாவும் பின்னறைக்குப் போனோம். கலியாண வீட்டிலேயே இருபத்தேழு தேங்காய்க் கதையைச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு வருசப்பிறப்பும் பால் பொங்கிப் புக்கை பரிமாறும்போது சொல்கிறேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிடுவார். நல்ல பிள்ளை.

இன்று அவராகவே சொன்னார்: “பெத்தப்பாவையும் கூப்பிடுங்க மாமா. கேடயத்த அவர் கையால குடுக்கட்டும்.”

தோற்றவர் கையாலேயே கேடயம்! இதைவிட என்ன வேண்டும்? எண்பத்து நான்கு வயதிலும் ஆள் திடமாம். இரவே பேச்சு எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்று பக்கம் வந்தது, அப்பா இன்னும் முதலாவது காயைக்கூட அடிக்கவில்லை.

16.03.2025 ஞாயிறு

காயை வெளியே எடுத்து எண்ணெய் பூசித் துடைத்தேன். எண்ணெய் கூடிவிட்டது. வழுக்கிற்று.

டைல்ஸ் உடைந்தது. காயும் உடைந்தது.

உள்ளே சீமெந்து.

ஓம், சீமெந்து. தேங்காய் உருண்டைக்குள் சாம்பல் நிறத்தில் இன்னோர் உருண்டை. ஓரத்தில் காய்ந்த பருப்பு கொஞ்சம். நடுவில் துருப்பிடித்த ஆணி ஒன்று. பலத்துக்குப் போட்டிருக்கிறார்! தேங்காய்க்கும் கம்பி கட்டியிருக்கிறார் மனுசன்!

ஐயோ அப்பா, என்ன வேல பாத்து வச்சிரிக்கிறயள்?

வீட்டில் ஒருவரும் இல்லை. துண்டுகளைப் பழைய சாரத்தில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். உடைந்த டைல்ஸுக்கு மேலே பாய் போட்டேன்.

17.03.2025

பசை வாங்கி ஒட்டிப் பார்த்தேன். ஓடு ஒட்டவில்லை. என் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிக்கொண்டன. மூன்று மணித்தியாலம் ஏதோ நுள்ளியெடுக்கப் போகிறவன் மாதிரித் திரிந்தேன்.

19.03.2025

யோகம்மா பாயைத் தூக்கிக் கூட்டிவிட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் காட்டினேன். அவள் சீமெந்து உருண்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உங்கட அப்பா மேசன்தானே? பின்ன என்னத்த வைப்பார்?”

முப்பத்தெட்டு வருடம் இந்தக் கதையைக் கேட்டவள். அவளுக்கு ஒரு சொட்டு அதிர்ச்சி இல்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்பது தோளில் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “மருமகனுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க. இது புள்ளைர வீடு. நாம ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் இரிக்கணும்” என்றாள்.

நியாயம். சொல்லப்போவதில்லை. காய் காணாமல் போய்விட்டது என்று விஜிதரனிடம் சொல்லிவிடலாம். அலுமாரியில் இருந்து காய் தானாக எங்கே போகும்?

20.03.2025

கதிரவெளியில் மகளோடு இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். சுற்றி வளைத்து, அப்பாவின் தேங்காயைப் பற்றி ஏதாவது தெரியுமா என்றேன்.

“சீமெந்தா? நான்தானேடா புனல் புடிச்சன். தேங்காய்க் கண்ணத் துளைச்சு வடிச்ச தண்ணியையும் நான்தான் குடிச்சன்.”

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். “நீ எங்க ஆக்களக் கதைக்க விட்டாய்?” என்றாள்.

பிறகு அவள் சொன்னது வேறு. அன்றைக்குப் பின்னேரமே பாக்கியராசா வீட்டுக்குப் போய்த் தன் போர்த்தேங்காய் மரத்தைக் கோடரியால் வெட்டிச் சாய்த்தாராம். அவருடைய தகப்பன் வைத்த மரம். செய்தி கேள்விப்பட்டு அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன் பிறகு போர்த்தேங்காயைக் கையால் தொட்டதில்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்பா இந்தக் கதையை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சொல்லத் தொடங்கினால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன். அதையும் கதையில் சேர்த்துச் சொல்லிவந்திருக்கிறேன்.

மனம் சரியில்லை. ஊரில் எத்தனை பேருக்கு நற்சான்றிதழ் எழுதிக் கையெழுத்து வைத்த ஆள் நான்.

30.03.2025 ஞாயிறு

துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போனேன். மிதவைப் பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். ஒரு பசு, நான்கு மோட்டார் சைக்கிள், நான். அக்கரையில் பாதை தட்டியது. எல்லாரும் இறங்கினார்கள், பசுவும் இறங்கியது.

“விதானையார், இறங்கலயா?” என்றான் பாதைக்காரன்.

“காத்து வாங்க வந்தன்” என்றேன்.

அதே பாதையில் திரும்பி வந்தேன்.

03.04.2025

விஜிதரன் விழா மேடைக்குக் கட்டப்போகும் பனரின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினான். அப்பாவின் அடையாள அட்டைப் படம், பக்கத்தில் அவர் தலையைவிடப் பெரிய தேங்காய். கீழே “வீழ்த்த முடியாத வீரர்.” அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போதே அப்பாவின் முகத்தில் ஒரு திருட்டு முழி இருந்திருக்கிறது. இவ்வளவு காலமும் நான்தான் கவனிக்கவில்லை.

இந்தப் பனருக்குக் கீழே நின்று அந்தக் கிழவர் கேடயம் கொடுக்கப்போகிறார். நான் பக்கத்தில் நின்று கை தட்டுவேனா?

06.04.2025 ஞாயிறு

இறங்கினேன்.

பாக்கியராசா கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டு ஆள் என்று கதிரை போடச் சொன்னார். நான் இருக்கவில்லை. பையை அவிழ்த்துத் துண்டுகளை அவர் முன்னால் வைத்தேன். நான் எழுதிக்கொண்டு போன வசனங்கள் ஒன்றும் வரவில்லை. “ஐயா, அண்டைக்கு எங்கட அப்பா அடிச்ச காய் இதுதான்” என்று மட்டும் சொன்னேன்.

குந்தியிருந்து எடுத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். காதருகே வைத்துத் தட்டினார். ஆணியைக் கண்டதும் புருவம் மேலே போனது.

“வேலை நல்ல வேலைதான்” என்றார்.

நானும் மூடன், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழும்பினார்.

“அம்பத்தி நாலு வருசம். என்ர கையிலதான் பிழையெண்டு நினைச்சன். மரத்திலதான் பிழையெண்டு நினைச்சன். எங்கட அப்பு வச்ச மரம் மனே அது. நானே வெட்டினன்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“மன்னிக்கிறதப் பிறகு பாப்பம். நான் தோத்தது சபையில. நீ வந்து என்ர காதுக்குள்ள சொல்லுறாய். விழாவில மைக்கப் புடிச்சுச் சொல்லு. மறுகா காயோட வா. நானும் நீயும் அடிப்பம்.”

ஐயா, எனக்கு அடித்துப் பழக்கமில்லை என்றேன்.

“அது இன்னும் நல்லம்” என்றார்.

தேநீர் தந்தார். சீனி போடவில்லை. வேண்டுமென்றேதான்.

08.04.2025

கேதீசனுக்குச் சொல்லாமல் மைக்கில் சொல்ல முடியாது. பகல் சாப்பாட்டில் சீமெந்தையும் சொன்னேன், பெத்தப்பாவோடு அடிக்கப்போவதையும் சொன்னேன். யோகம்மா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். துசாந்தினி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கேதீசன் எழும்பினார். பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. போன் எடுக்கவில்லை. அவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று மகள் அழத் தொடங்கினாள். ஆறு வருடமாக அந்தப் பிள்ளையின் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய பெத்தப்பாவின் மானத்தை வாங்கியிருக்கிறேன், ஒவ்வொரு வருசமும், புக்கையோடு. எனக்கும் அழுகை வந்தது. வாசலில் போய் நின்றேன்.

ஐந்து மணிக்கு வந்தார். பின் இருக்கையில் ஒரு சாக்கு. அவிழ்த்தால் முழுக்கப் போர்த்தேங்காய், முற்றிய காய், ஒவ்வொன்றும் முட்டி மாதிரி. ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்.

“தம்பி, இவ்வளவும் எனக்கா?” என்றேன்.

“பெத்தப்பாவுக்கு. உங்களுக்கு நீங்க தேடிக்கொள்ளுங்க மாமா.”

பிறகு உள்ளே போய் மிச்சச் சோற்றைப் போட்டுத் தரச் சொன்னார்.

13.04.2025

மூலிகை மருத்துநீர் வைத்துத் தலை முழுகினேன். யோகம்மா என் தலையில் வழமையைவிடக் கூடத் தேய்த்தாள். புத்தி தெளியட்டுமாம்.

எனக்குக் கிடைத்தது மூன்று காய். சந்தையில் வாங்கியது. தட்டிப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை.

15.04.2025 செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. மைக்கைப் பிடித்தேன். எழுதிய பேச்சைச் சட்டைப் பையிலேயே விட்டேன். “எங்கட அப்பா வென்றது சீமெந்துக் காயால்” என்றேன். மைக் மட்டும் கூவியது. பின்வரிசையில் இருந்து ஒருவன், “எத்தனைக்கு எத்தனை கலவை, விதானையார்?” என்று கேட்டான். அவ்வளவுதான், மைதானம் முழுக்கச் சிரிப்பு. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பாக்கியராசாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் என்னை அடிக்க விட்டார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். நிலத்தில் பட்டது. காய் உடைந்தது, என் காய். அடுத்ததை என் முறைக்கு மண்ணில் வைத்தேன். அவர் குந்தி, பெருவிரலால் காயின் கண்ணைத் தேடி, ஓங்கி ஒரே அடி. எண்பத்து நான்கு வயது! மூன்றாவதும் அப்படியே போனது. அவருடைய காயில் ஒரு கீறல் இல்லை. அடி முடிய நடுவர்கள் காயை வாங்கி ஆட்டிப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தது.

சனம் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. விஜிதரன் பனரைக் கழற்றப் போனான். கிழவர் மேலே இருந்தபடியே கத்தினார்: “இரிக்கட்டும்! அவனும் பாக்கட்டும்!”

கீழே இறங்கியதும் என்னிடம் வந்தார். உடைந்த மூன்று காயும் சால்வைக்குள். “உன்ர கொப்பன் நேர்மையா அடிச்சிருந்தாலும் ரெண்டு மூண்டு உடைச்சிருப்பான். நல்ல கை அவனுக்கு” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அதை நினைத்து அழுதேன். கேதீசன் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினார், திரும்பிப் பார்க்கவில்லை.

14.04.2026 செவ்வாய்

வருசப்பிறப்பு. பாக்கியராசா ஐயா காலையிலேயே பாதையில் வந்துவிட்டார். இந்த வீட்டில் அவருக்கு இது முதல் வருசப்பிறப்பு. கதிரையில் நல்லதை அவருக்குப் போட்டோம். எனக்கு முக்காலி.

நான் வாயைத் திறக்காமல் புக்கையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேதீசனே கேட்டார்: “மாமா, போன வருசக் கதையச் சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். மூன்று காய் என்றுதான் தொடங்கினேன். கிழவர் குந்தியதை எழும்பிக் காட்டினேன், என் காய் சிதறியதைக் காட்டினேன், மகள் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தாள். சுவாரசியத்தில், முடிக்கும்போது என் காய் ஒன்பது உடைந்திருந்தது. யோகம்மா தலையில் கை வைத்தாள். கேதீசன் திருத்தவில்லை, இன்னொரு அகப்பை புக்கை போடச் சொன்னார்.

பாக்கியராசா ஐயா மட்டும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “பத்து, மனே” என்றார்.

பத்து என்றே இங்கும் எழுதிவைக்கிறேன்.