வட்டமாகப் போட்ட கையெழுத்துகள்

மார்ச் 4, செவ்வாய்

மூட்டுவலி சற்றுக் குறைவு. மாலை நூலக மாடியில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் கூட்டம். சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே நாற்பது பெண்கள், கொதிநீர்த் தொட்டிகள், வெளியேற ஒரே வாசல். துணி திருட்டுப் போகிறதாம், அதற்காகப் பூட்டாம். கதவைத் திறந்து வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுக்க முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு எனக்கு. முப்பத்தாறு வருடம் பதிவேட்டு எழுத்தராக இருந்தவனுக்கு வேறு என்ன தருவார்கள்? போராட்டம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. மாப்பிள்ளை அதே சலவைக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்ப்பது எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

கையெழுத்துகளை வட்டமாக வாங்க வேண்டும் என்றாள் இஸ்திரிப் பிரிவுப் பெண். குரலை வைத்து அவளைச் 'சங்கு' என்கிறார்கள், தகும்.

"முதல் ஆளு யாருன்னு தெரியக்கூடாது சார். அவதான் மத்தவங்களத் தூண்டிவிட்டான்னு சீட்டக் கிழிச்சிடுவாங்க."

தட்டைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் வரைந்தேன். எங்கள் குடியிருப்பின் நான்கு மாடியும் ஏறி இறங்கி முப்பத்தொரு கையெழுத்து.

மார்ச் 9, ஞாயிறு

வட்டத்தில் பாதிப் பெயர்கள் தலைகீழாக நிற்கின்றன. படிப்பவருக்குச் சிரமம். அதனால் இணைப்பாக ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்தேன் - வரிசை எண், பெயர், பிரிவு. கோடுகள் நேராக வந்திருக்கின்றன. நாளை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

மார்ச் 14, வெள்ளி

எதிர்வீட்டுப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். துணி மடிக்கும் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவள். 'பிறரைத் தூண்டியவர்' என்று கடிதத்தில் இருக்கிறதாம்.

என் பட்டியலில் அவள் எண் 1.

வேறு காரணமே இல்லை. என் கதவைத் திறந்தால் அவள் கதவு, அங்கிருந்து தொடங்கினேன். போன வரிசையிலேயே எழுதினேன். எதற்காக வட்டம் என்று சங்கு சொன்னாளே - கேட்டேனே, தலையை ஆட்டினேனே. அட பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்?

மார்ச் 15, சனி

வெளியே போகவில்லை. கதவைத் திறந்தால் அவள் கதவு.

மார்ச் 16, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து பட்டியலைப் பற்றிச் சொன்னேன். மேசையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வட்டத்துக்கு நம்பர் போட்ட ஒரே மனுஷன் இந்த உலகத்துலயே நீங்கதான் சார்" என்றாள் சங்கு. இரண்டு பேர் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெண் சிரிக்கவில்லை.

"திட்டினா எனக்கு வேல வந்துருமா? அது அப்புறம். இப்ப என்ன பண்ணப் போறீங்க, அதச் சொல்லுங்க."

தொழிலாளர் அலுவலர் முன் விசாரணை வரும் என்றார் எங்களுக்காக வாதாட வந்திருக்கும் வக்கீலம்மா. அந்த எண்கள் எப்படி வந்தன என்று சொல்லக்கூடிய சாட்சி நான் ஒருவன்தான்.

மார்ச் 19, புதன்

மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, நீங்க போய் அங்க நின்னா இவர் நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஆபீஸ் போவாரு? பேசாம ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் கொடுத்திடுங்க. உங்களுக்கு உண்மையிலயே சரியில்லதானே?"

அவள் போனபிறகு கடிதத்தை எழுதிப் பார்த்தேன். மூன்று வரைவு. மூன்றாவது நன்றாகவே இருக்கிறது. அனுப்பப் போகிறேனா? தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

விசாரணைக்குப் போனேன். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது.

சிறிய அறை. மின்விசிறி ஓடும்போது காகிதங்களின்மேல் எல்லோரும் கை வைத்துக்கொண்டார்கள். அவள் ஏன் முதல் எண் என்று அலுவலர் கேட்டார். "எதிர் வீடு, ஐயா" என்றேன். மற்ற எண்களுக்கும் மாடிவாரியாக விளக்கம் சொன்னேன். நிறுத்தச் சொல்லும்வரை சொன்னேன்.

நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார். "உங்க மாப்பிள்ளையும் அங்கதானே வேல பாக்குறாரு? அவருக்கு இதனால கஷ்டம் வருமேன்னு தோணலியா?"

தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"தோணுச்சு. கதவைப் பூட்டும்போது அவரும் உள்ளதான் இருக்காரு."

நான் தயாரித்து வைத்திருந்த பதில் அதுவல்ல. நீளமான வேறொன்று இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண்ணைத் திரும்பச் சேர்க்க வேண்டும். வேலை நேரத்தில் பின்கதவு திறந்திருக்க வேண்டும். படியில் எதிர்ப்பட்டாள். "திங்கக்கிழமைலேந்து போறேன் சார்" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு என்ன இருக்கிறது?

மகள் இன்றும் தொலைபேசியை எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மாப்பிள்ளை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சங்கு திரும்பிப் பார்த்து, "என்னங்க, ஆபீஸ்லேந்து வேவு பாக்க அனுப்பிச்சாங்களா?" என்றாள். அவர் காது சிவந்தது. எதிர்வீட்டுப் பெண் தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். அவர் எழுந்துவந்து அங்கே உட்கார்ந்தார்.

அலுவலகம் இருக்கும் மேல்தளத்திலும் ஒரு வழி உண்டாம். அதை அடைத்துப் பழைய அலமாரிகளைப் போட்டிருக்கிறார்களாம். மேலே பதினொரு பேர். இதையெல்லாம் வக்கீலம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் குறிப்பு எடுத்தேன்.

முடிந்தபிறகு பேருந்து நிறுத்தம் வரை எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். வழக்கமாக வேகமாக நடப்பவர். இன்று மெதுவாகத்தான் நடந்தார்.